சமையலறைக்கு மேலே ஒரு தட்டைக் கூரை

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார். "வீட்டை விக்கலாம்னு இருக்கோம். பின்னாடி எக்ஸ்டென்ஷன் கூரை பழசாயிடுச்சு. மாத்தினா விலை ஏறுமா, இல்ல அப்படியே விட்டுடலாமா?" பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்து, பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. அவருக்கு வேண்டியது ஏறும், ஏறாது என்ற ஒரு சொல்தான். 2023 முழுவதும் நானும் அந்த ஒரு சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஏஜென்டிடம் கேட்டேன், கூரை வேலை செய்பவர்களிடம் கேட்டேன், பக்கத்து வீட்டு அன்ரியிடம் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் கூரையை மாற்றினேன், வீட்டையும் விற்றேன், கணக்கும் போட்டுப் பார்த்தேன். கணக்கு ஒரு பதில் சொல்கிறது. அந்தக் கூரைக்குக் கீழே நாங்கள் சமைத்துச் சாப்பிட்ட 11 ஆண்டுகள் வேறொரு பதில் சொல்கின்றன. அதனால்தான் பள்ளி வாசலில் சொல்லி முடிக்க முடியவில்லை.

மொட்டை மாடி அல்ல

எங்கள் வீடு லண்டனின் வடமேற்கில், ஹாரோவை ஒட்டிய ரேய்னர்ஸ் லேனில் இருந்தது. மெட்ரோபொலிட்டன் ரயில்வே 1915-இல் 'மெட்ரோலேண்ட்' என்று பெயர் வைத்து, நெரிசலை விட்டு வெளியே வந்து தோட்டத்தோடு வீடு வாங்குங்கள் என்று விளம்பரம் செய்ததே, அந்தப் பகுதிகளில் ஒன்று. 1930களில் வரிசை வரிசையாக எழுந்த ஜோடி வீடுகள். முன்பக்கம் வளைந்த ஜன்னல், மேலே சரிந்த ஓட்டுக் கூரை. அந்த ஓடுகள் 80 ஆண்டுக்கு மேல் மழையையும் பனியையும் பார்த்துவிட்டு இன்னும் அசையாமல் கிடக்கின்றன. நாங்கள் 2012-இல் வாங்கினோம். பின்பக்கச் சமையலறை, எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவர் 1980களில் நீட்டிக் கட்டியது. ஐந்தரை மீட்டர் அகலம், தோட்டத்துப் பக்கம் மூன்று மீட்டர் நீளம். அதன் மேல் தட்டைக் கூரை.

நான் திருச்சிக்காரன். தட்டையான கூரை என்றால் என் மனதில் வருவது மொட்டை மாடிதான். கான்கிரீட் தளம், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு இடித்த அடுக்கு, அதற்கும் மேல் தட்டோடு. அப்பா கோடையில் பாய் விரித்துப் படுத்த இடம், அம்மா வடாம் பிழிந்த இடம். தண்ணீர்த் தொட்டியையும் கொடிக்கயிறுகளையும் பட்டம் விடும் பிள்ளைகளையும் சேர்த்துத் தாங்கிய இடம். ஆகவே வீடு பார்க்கப் போன அன்று சரிந்த ஓட்டுக் கூரையைத்தான் சந்தேகத்தோடு அண்ணாந்து பார்த்தேன். பின்னால் இருந்த தட்டைக் கூரை உறுதியான பகுதி என்று மனம் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. உண்மை நேர்மாறு. இங்கே அது மரம். குறுக்கே சட்டங்கள், அவற்றின் மேல் மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்டு பலகை, அதன் மேல் தார் ஊறிய ஃபெல்ட் விரிப்பு மூன்று அடுக்கு, வெயில் தாக்காமலிருக்க மேலே பொடிக்கற்கள். அந்தக் காலத்து ஃபெல்ட் 15 ஆண்டு உழைத்தால் நல்லது. 20 ஆண்டு தாண்டினால் அதிர்ஷ்டம்.

தட்டைக் கூரை என்றாலும் அது முழுக்கத் தட்டையாக இருக்கக் கூடாது. ஊரில் கொத்தனார் தளம் போடும்போது 'வாட்டம்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டுமோ அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு. இங்கேயும் அதே கணக்குதான். 40-க்கு 1 என்று வாட்டம் வைத்துத் திட்டமிடுவார்கள், மரம் கொஞ்சம் தளர்ந்த பிறகும் 80-க்கு 1 மிஞ்ச வேண்டும் என்பதற்காக. எங்கள் மூன்று மீட்டருக்கு அது 75 மில்லிமீட்டர் இறக்கம். எங்கள் கூரை எப்போதோ அந்த வாட்டத்தை இழந்துவிட்டது. நடுவில் ஒரு சின்னக் குளம். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அதில் வானம் தெரியும், புறாக்கள் இறங்கிக் குளிக்கும். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது அதுதான் அவளுக்குக் காலை வேடிக்கை.

பக்கத்து வீட்டு அன்ரி 1986-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர். நாங்கள் குடிவந்த வாரம் தோசையோடு வந்தார். சமையலறைக்குள் நின்று மேலே பார்த்தார். "தம்பி, உங்கட குசினிக் கூரை இனித் தாங்காது. நான் என்ரதை 2009-இலேயே மாத்திப்போட்டன். வந்த கையோட நீங்களும் மாத்திப்போடுங்கோ, பிறகு இழுபடாதேங்கோ" என்றார். தலையாட்டினேன். முன்பணம் கட்டியதில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அப்புறம் ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன், அப்புறம் கொரோனா. இடையில் 2013, 2016, 2019, 2021 என்று நான்கு முறை ஆள் கூப்பிட்டு ஒட்டுப்போட்டோம். மொத்தம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் போனது. ஒவ்வொருவரும் மேலே ஏறி, கருப்பாக எதையோ தடவிவிட்டு, இனிமேல் ஒழுகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சீலிங்கில் கறை பெரிதாவது அடைமழையில் அல்ல, ஜனவரியில். ஒரு வாரமாக மழையே இல்லாமல், காலையில் காரின் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்கிற உறைபனி நாட்களில், அடுப்புக்கு இரண்டடி தள்ளி ஒரே இடத்தில் சொட்டுச் சொட்டாக விழும். அங்கே ஒரு நீல நிறப் பக்கெட் நிரந்தரமாக இருந்தது. மகள் வீட்டுப்பாடம் எழுதும் மேசையைக் குளிர்காலத்தில் ஒரு அடி நகர்த்திப் போடுவோம். மழை இல்லாத நாளில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒட்டுப்போட வந்தவர்களிடம் கேட்டேன். தேங்கிய நீர் உறைந்து, பகலில் உருகி இறங்குகிறது என்றார்கள். சரி என்று நம்பினேன்.

இரண்டு கோட் வெள்ளை

2023 பிப்ரவரியில் வேலை காரணமாக மில்டன் கீன்ஸ் பக்கம் போவதென்று முடிவாயிற்று. விலை சொல்ல வந்த ஏஜென்ட் ஒவ்வொரு அறையாக அளந்தார். கூரையை மாற்றிவிட்டு விற்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வாங்குபவர்கள் கூரை மேல் ஏறிப் பார்ப்பதில்லை, சமையலறை பளிச்சென்று இருந்தால் போதும், அந்தக் காசுக்குப் பெயின்ட் அடியுங்கள், புல்வெளியைச் சரிசெய்யுங்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வீடு பார்க்க வருபவரின் கண் எங்கே போகிறது என்பது அவருடைய தொழில், அது அவருக்குத் தெரியும். நான் கடைக்குப் போய் கறை மறைக்கும் பெயின்ட் ஒரு டப்பா வாங்கி வந்தேன். ஒரு ஞாயிறு மதியம் கறையின் மேல் இரண்டு கோட், முழு சீலிங்குக்கும் வெள்ளை இரண்டு கோட். பக்கெட்டை ஷெட்டில் வைத்தேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

ஏப்ரலில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். கோயம்புத்தூர் பக்கம். அந்தப் பெண் ஆறு மாத கர்ப்பிணி. சமையலறையில் நின்று, தோட்டத்தைப் பார்த்த கதவருகே தொட்டில் போடலாம் என்று அவள் கணவனிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. 5,85,000 பவுண்டு பேசி முடிந்தது. மே மாதம், வாங்கும் முன் வீட்டின் நிலையைப் பார்த்துச் சொல்ல அவர்கள் ஏற்பாடு செய்த சர்வேயர் வந்தார். சர்வேயர்களின் தொழில் அமைப்பான ரிக்ஸ் வகுத்த இரண்டாம் நிலை சர்வே. தட்டைக் கூரை மூன்று மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் அவர்கள் ஏணி வைத்துப் பார்ப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஏணியில் நின்று குளத்தைப் பார்த்தார், படம் எடுத்தார். பிறகு உள்ளே வந்து, ஈரம் அளக்கும் கருவியை என் புது வெள்ளைச் சீலிங்கில் நான்கு இடங்களில் வைத்தார். அது ஒவ்வொரு முறையும் கத்தியது. அந்த அறிக்கையில் வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் 1, 2, 3 என்று எண் கொடுப்பார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. எங்கள் தட்டைக் கூரைக்கு 3. சிவப்பு.

இரண்டு நாள் கழித்து, வீடு வாங்க வந்த அந்தப் பையன் எனக்கு நேராகவே போன் செய்தான். "அண்ணா, நேரடியா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சமையலறை சீலிங்குக்கு பெயின்ட் எப்ப அடிச்சீங்க?"

"பிப்ரவரியில."

"அதுக்கு முன்னாடி அங்க கறை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டான்.

இங்கிலாந்துச் சட்டப்படி வீட்டின் குறைகளை விற்பவர் தானாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பார்கள். ஆனால் கேட்டால் பொய் சொல்லக் கூடாது, தெரிந்தே மூடி மறைப்பதும் கூடாது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. 'இருந்துச்சு' என்று சொன்னது சட்டத்துக்குப் பயந்து அல்ல. அவன் என்னை அண்ணா என்று கூப்பிட்டிருந்தான், அவ்வளவுதான். மறுநாள் ஏஜென்ட் வழியாகச் செய்தி வந்தது. 15,000 பவுண்டு குறைக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. கூரையை மாற்ற ஏழெட்டு ஆயிரம்தானே, எதற்குப் பதினைந்து? 5,000 குறைக்கிறேன் என்றேன். அவர்கள் விலகிக்கொண்டார்கள்.

இப்போது யோசித்தால் அந்தப் பதினைந்தில் நியாயம் இருந்தது தெரிகிறது. விற்பவனுக்குக் கூரை என்பது ஒரு பில். வாங்குபவனுக்கு அது தெரியாத விஷயம். பலகைக்கு அடியில் எவ்வளவு மக்கியிருக்கிறது, சட்டங்கள் நன்றாக இருக்கின்றனவா, சீலிங்கைப் பிரித்தால் மின்கம்பிகள் என்ன ஆகும், கைக்குழந்தையோடு எத்தனை வாரம் சமையலறை இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு தொகை எடுத்து வைத்துத்தான் ஆக வேண்டும். சர்வேயில் சிவப்பு விழுந்தால் கடன் கொடுக்கும் வங்கியும் பழுது சரியாகும்வரை கொஞ்சம் பணத்தைப் பிடித்து வைக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலே என் பெயின்ட். சீலிங்கை மறைத்தவன் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பான் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைகளுக்கு வராமல் இருந்திருக்குமா? அதற்கும் சேர்த்துத்தான் விலை கேட்டார்கள்.

கூரையைப் பிரித்த நாள்

ஜூனில் மூன்று பேரிடம் விலை வாங்கினேன். முதலாமவர் 2,900 பவுண்டு, பழைய ஃபெல்ட் மேலேயே புது ஃபெல்ட், இரண்டு நாள் வேலை, காகிதம் எதுவும் கிடையாது. மூன்றாமவர் 11,500. கூரை நடுவில் கண்ணாடிக் கூண்டு வைத்து வெளிச்சம் இறக்கித் தருவதாகவும், அதில்தான் விலை ஏறும் என்றும் சொன்னார். ஏறலாம். கூரை வேலையில் விலையைக் கூட்டக்கூடியது ஏதாவது உண்டென்றால் அது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தொகை எங்களிடம் இல்லை. நடுவில் வந்தவர் லிதுவேனியாக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். வரி உட்பட 7,860. எல்லாவற்றையும் பிரித்து, புதுப் பலகை போட்டு, அதற்கு மேல் 120 மில்லிமீட்டருக்கும் தடிமனான நுரைப் பலகை, அதற்கு மேல் ஒரே விரிப்பாக ஈபிடிஎம் ரப்பர். ஒரு கூரையில் பாதிக்கு மேல் புதுப்பித்தால் வெப்பக் காப்பையும் இன்றைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது கட்டட விதி, அதற்குச் சான்றிதழ் வேண்டும், வாங்குபவரின் வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார் என்று அவர்தான் பொறுமையாகச் சொன்னார். 2,900-க்கு ஆசைப்பட்டிருந்தால் அதுவும் ஒரு பெயின்ட்டாகத்தான் இருந்திருக்கும்.

ஜூலை இரண்டாவது வாரம், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிட்டார்கள். அவரும் இரண்டு பையன்களும். பொடிக்கற்களை வாரி மூட்டை கட்டினார்கள். ஃபெல்ட்டைக் கீறிச் சுருட்டினார்கள். பத்தரை மணி வாக்கில் என்னை ஏணியில் ஏறி வரச் சொன்னார். நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், காதில் ஹெட்போனோடு அப்படியே ஏறினேன். என் பக்கெட் இருந்த இடத்துக்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்தார். ஓட்டை எங்கே என்று கேட்டேன். இங்கே ஓட்டை இல்லை என்றார்.

ஒரு துண்டு சிப்போர்டைக் கையில் எடுத்துக் காட்டினார். ஃபெல்ட்டைத் தொட்டுக்கொண்டிருந்த மேல்பக்கம் வெளிர் மஞ்சளாக, பெரிய குறை இல்லாமல் இருந்தது. பிறகு அதைத் திருப்பினார். அடிப்பக்கம் கரிய பூஞ்சை. கட்டை விரலால் அழுத்தினார். டீயில் ஊறிய ரஸ்க் போல அப்படியே பொடிந்து விழுந்தது. ஜூலை மாதத்திலும் அதில் ஈரம் இருந்தது. பழைய அடுப்படியில் மூலையில் வைத்த சாக்கைத் தூக்கினால் வருமே, அந்த ஓத வாசனை. சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி இழைப் பஞ்சு, பலகையை முட்டும்வரை திணித்து வைத்திருந்தார்கள். இந்த மாதிரிக் கூரையில் பஞ்சுக்கும் பலகைக்கும் நடுவில் குறைந்தது 50 மில்லிமீட்டர் காற்று ஓட இடம் விட வேண்டும். அந்தக் காற்று உள்ளே வர ஓரத்தில் துளைகள் வேண்டும். துளைகள் இருந்தன. பிற்பாடு யாரோ அழகுக்காக வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை அடித்து அவற்றை மூடியிருந்தார்கள்.

அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் நிறையச் சமைப்பீர்களா?

சமைப்போம் என்றேன். அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட் ஆவியை வெளியே தள்ளுகிறதா என்று கேட்டார். இல்லை, அது வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் வகை. அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் அந்த ஏணியிலேயே நின்றுகொண்டிருந்தேன். வாரத்தில் மூன்று நாள் இட்லிப் பானை. தினமும் குக்கர் நான்கு விசில். ரசம், சாம்பார், குளிர்காலத்தில் ஜன்னலைக்கூடத் திறக்காமல் கொதிக்க வைத்த பால். அந்த ஆவியெல்லாம் சீலிங் இடுக்கு வழியாகவும் விளக்குத் துளைகள் வழியாகவும் மேலே போயிருக்கிறது. மேலே பனியில் உறைந்து கிடந்த பலகையின் அடியில் பட்டுத் தண்ணீராகி, போக வழி இல்லாமல் திரும்ப எங்கள் தலையிலேயே சொட்டியிருக்கிறது. அதனால்தான் ஜனவரி. அதனால்தான் மழை இல்லாத நாள். நான்கு பேர் நான்கு முறை மேலே ஒட்டுப்போட்டார்கள், தண்ணீர் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. ஒருவராவது ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்திருந்தால்! நானாவது அன்ரி சொன்ன முதல் வாரமே கேட்டிருந்தால்!

சுவர் ஓரம் மூன்று சட்டங்களின் முனைகளில் அவர் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். ஒரு அங்குலம் இறங்கியது. மகள் வீட்டுப்பாடம் எழுதிய மேசைக்கு மேலே இருந்த சட்டங்கள் அவை. மதியம் என் மனைவி வேலையிலிருந்து வந்து, வெறும் சட்டங்களுக்கு இடையே வானம் தெரிந்த சமையலறையில் நின்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். "இத்தனை வருஷமும் நம்ம அடுப்புதானா?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவு ஹோட்டலில் சாப்பிட்டோம். இரண்டு பேருமே அதிகம் பேசவில்லை.

நான்கு நாளில் வேலை முடிந்தது. மூன்று சட்டங்கள் புதிது, வாட்டம் சரியாக, ரப்பர் விரிப்பு சுவரில் 150 மில்லிமீட்டர் ஏறி ஈயத் தகட்டுக்குள் மடங்கி, 20 ஆண்டு உத்தரவாதத்தோடு. கூடவே சுவரில் துளை போட்டு ஆவியை வெளியே தள்ளும் ஃபேன். பழைய சீலிங் போய்ப் புது சீலிங். இந்த முறை அதற்கு வெள்ளை அடிக்கும்போது மனைவியும் ஒரு உருளையை எடுத்துக்கொண்டாள்.

கணக்கு

செப்டம்பரில் மறுபடி விற்பனைக்குப் போட்டோம். அதற்குள் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி 5.25 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. வசந்த காலத்தில் 4.25. வாங்க வருபவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது போல் எங்களுக்குத் தோன்றியது. ஆகஸ்ட் கடைசியில் வேறு ஒரு செய்தி வந்து எல்லாரையும் உலுக்கியிருந்தது. ராக் என்கிற காற்றடைத்த இலேசான கான்கிரீட் இருந்ததால், இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் கட்டடங்களை, பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்கும்போது மூடச் சொன்னார்கள். தட்டைக் கூரைகளில்தான் அதை அதிகம் போட்டிருந்தார்கள். வீடு பார்க்க வந்த மூன்று குடும்பங்களில் இரண்டு பேர் சமையலறையில் மேலே பார்த்து அதைப் பற்றிக் கேட்டார்கள். நான் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். மரச் சட்டம், புதுப் பலகை, சான்றிதழ். மக்கிப்போன சிப்போர்டின் படத்தையும் காட்டினேன். எதையும் ஒளிக்காமல் பேசுவது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

5,79,000-க்கு முடிந்தது. சர்வேயில் தட்டைக் கூரைக்கு 1, பச்சை. அதற்குப் பிறகு விலைபேச்சே எழவில்லை. டிசம்பரில் சாவியைக் கொடுத்தோம்.

இப்போது கணக்கு. முதல் தம்பதி கேட்டபடி குறைத்திருந்தால் கையில் 5,70,000. கூரையை மாற்றி விற்றதில், செலவு போக, 5,71,140. வித்தியாசம் 1,140 பவுண்டு. நடுவில் கட்டிய கூடுதல் மாதங்களின் மோர்கேஜ் வட்டி அதைவிட அதிகம். கறாராகப் பார்த்தால் கூரை எங்களுக்கு ஒரு பைசாவும் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. ஏஜென்ட் சொன்னது இந்த அளவில் சரி. புதுக் கூரைக்காக யாரும் கூடுதலாகக் கொடுக்க மாட்டார்கள். வீட்டின் விலை, தெருவில் சமீபத்தில் விற்ற வீடுகளையும் அறைகளின் எண்ணிக்கையையும் தரைப்பரப்பையும் வைத்துத்தான் முடிவாகிறது. கூரை ஒழுகாமல் இருக்கும் என்பது அந்த விலைக்குள் ஏற்கெனவே அடக்கம்.

ஆனால் அதே கணக்கை வேறு பக்கத்திலிருந்தும் போடலாம். எங்கள் வீடு விற்ற விலையைப் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5,500 பவுண்டு. அந்தச் சமையலறை பதினாறரை சதுர மீட்டர். அதாவது 90,000 பவுண்டு அந்தத் தட்டைக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. கூரை கெட்டால் அந்த 90,000-ஐயும் வாங்குபவர் சந்தேகத்தோடு பார்க்கிறார். வீட்டுக் காப்பீடு எடுக்கும்போதுகூட, கூரையில் எத்தனை சதவீதம் தட்டை என்று கேட்கிறார்கள், சும்மாவா கேட்பார்கள்? அந்த வட்டி விகிதத்தில், அந்த இலையுதிர் காலத்தில், சிவப்பு எண்ணோடு எங்கள் வீடு எந்த விலைக்குப் போயிருக்கும் என்பதை எந்தக் கணக்காலும் காட்ட முடியாது. அன்ரி இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "மாத்தினா விலை கூடுமெண்டு நினைக்காதேங்கோ தம்பி. மாத்தாட்டில் குறைப்பாங்கள், அவ்வளவுதான்."

எனக்கு மனது ஆறாத இடம் இதுவல்ல. நவம்பர் கடைசியில் கடுமையாகக் குளிர்ந்தது. ஒரு காலை ஐந்தரைக்கு எழுந்து கீழே வந்தேன். தோட்டம் முழுக்க வெள்ளை. இட்லிப் பானையை ஏற்றினேன், ஃபேனைப் போட்டேன். பழக்கத்தில் காலால் பக்கெட்டைத் தேடினேன். இல்லை. ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, பழைய கறை இருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தது, லேசான வெதுவெதுப்புகூட இருந்தது. அந்த அறை காலையில் அப்படி வெதுவெதுப்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மகள் இறங்கி வந்து, மேசையை நகர்த்தாமலே உட்கார்ந்து, ஸ்வெட்டர் போடாமல் சாப்பிட்டாள். இன்னும் மூன்று வாரத்தில் அந்த வீட்டை விட்டுப் போகிறோம். பதினோரு குளிர்காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது அந்த மூன்று வாரம். 2013-இல் யாராவது எங்களிடம், கூரையை மாற்றினால் விலை ஏறுமா என்று கேட்காதே, இந்தக் குளிரில் உன் பிள்ளை எங்கே உட்கார்ந்து சாப்பிடப் போகிறாள் என்று கேள் என்று சொல்லியிருந்தால், எப்பாடு பட்டாவது அந்தப் பணத்தைப் புரட்டியிருப்போம். அன்ரி வேறு சொற்களில் அதைத்தான் சொன்னார். நான் விலையைக் கேட்டுக்கொண்டே காலத்தைக் கடத்தினேன்.

கோயம்புத்தூர் தம்பதி பிறகு பக்கத்திலேயே பின்னர் (Pinner) என்ற ஊரில் வீடு வாங்கியதாக ஏஜென்ட் சொன்னார். குழந்தை பிறந்திருக்கும். அந்தப் பையனின் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. இரண்டு முறை செய்தி எழுதி, அனுப்பாமல் அழித்திருக்கிறேன்.

பள்ளி வாசலில் கேட்ட நண்பருக்கு நேற்று போன் செய்தேன். நாளை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் அவர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். மாடி ஜன்னலிலிருந்து அந்தக் கூரையை ஒருமுறை பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்குகிறதா, ஓரத்துத் துளைகள் திறந்திருக்கின்றனவா, ஹூட் எங்கே ஊதுகிறது என்று பார்க்க வேண்டும். ஜனவரியில் சொட்டுகிறதா என்று அவருடைய மனைவியிடம் கேட்க வேண்டும்.